பிரேசில்காரியும் மிச்சத் தண்ணீரும்

அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டு ஹால் முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸ் வாசனை அடித்துக்கொண்டிருந்தது.

கோவில்பட்டிக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், அது கந்தக வாசனை. தீப்பெட்டி செய்கிற இடத்தை எங்கள் ஊரில் யாரும் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான். என் வீட்டுக்காரர் அப்படி ஓர் ஆபீஸில் சூப்பர்வைசர். அவர் சட்டையில் அந்த வாசனை வருவது வழக்கம். ஹாலில் வந்தது அன்றைக்குத்தான்.

ஜன்னலோரம் தரையில் பழைய பேப்பரை விரித்து என் மகள் சுபா உட்கார்ந்திருந்தாள். பேப்பரின் நடுவே உரித்த வெங்காயம் போல ஒரு கிழங்கு. அதை பிளேடால் செதுக்கி, செதுக்கிய இடமெல்லாம் மஞ்சள் நிறத்தில் கந்தகப் பொடியைத் தடவிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் மஞ்சள். முடியை ஒதுக்கும்போது நெற்றியிலும் கொஞ்சம் அப்பியிருந்தது.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சுபாவின் புருஷன், அவருடைய அம்மா, அவருடைய பெரியப்பா மூன்று பேரும் இறங்கினார்கள். சுபாவைக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தார்கள்.

அவர்கள் வருவது என் வீட்டுக்காரருக்கு முன்பே தெரியும். எனக்கு அன்று காலை காப்பி குடிக்கும்போது சொன்னார். சுபாவிடம் யாருமே சொல்லவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க" என்றாள். கிழங்கை விட்டு எழுந்திருக்கவில்லை.

மடியில் வந்த தொட்டி

போன வாரம் இந்தப் பத்தியில், நான் வேலை பார்க்கிற தபால் ஆபீஸ் கவுண்டரில் என் பசை டப்பா அடிக்கடி காணாமல் போனதைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் சீல் குத்துகிற சண்டையை எழுதுவதாக இருந்தேன். உட்கார்ந்தால் கை இந்தப் பக்கம் வந்துவிட்டது. சுபா படித்துப் பார்த்து, "அனுப்பும்மா" என்று சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன். மாப்பிள்ளையின் பெயரை மட்டும் எழுதவில்லை. அந்த மரியாதை அவருக்கு உண்டு.

சுபா கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது கையில் ஒரு பெட்டி, முதுகில் லேப்டாப் பை, இடுப்பில் குழந்தையைப் போல ஒரு பூந்தொட்டி. தொட்டியைப் பின்னால் கொண்டுபோய் வைக்கச் சொன்ன கண்டக்டரிடம், வேண்டுமானால் அதற்கும் ஒரு டிக்கெட் கொடுங்கள் என்றாளாம். வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

தொட்டியில் நாலைந்து அகல இலைகள். பச்சை இலையில் வெள்ளைப் புள்ளிகள். யாரோ சுவருக்கு வெள்ளையடித்தபோது தெறித்தது போல இருந்தது. அவள் அதன் பெயரைச் சொன்னாள். என் வாயில் அது நுழையவில்லை, என் வீட்டுக்காரர் முயற்சி கூடச் செய்யவில்லை. பிரேசில் நாட்டில், வெயிலே தரையில் விழாத அடர்ந்த காட்டுக்குள் வளர்கிற கிழங்கு என்றாள். அங்கேயே அபூர்வமாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பிரேசில்காரி.

போனில் பூவின் படத்தையும் காட்டினாள். நீலம் என்றும் சொல்ல முடியாது, ஊதா என்றும் சொல்ல முடியாது. வெள்ளை வேட்டிக்கு நீலம் போடும்போது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஏறிவிடுமே, அந்த நிறம். ஒரே தண்டின் உச்சியில் கொத்தாகப் பூத்திருந்தது. அது பூத்தது ஒரே ஒரு தடவைதான்.

என் வீட்டுக்காரருக்கு உடனே கை துறுதுறுத்தது. எட்டயபுரம் ரோட்டில் தெரிந்தவரின் பருத்திக் காட்டிலிருந்து ஒரு சாக்குக் கரிசல் மண் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

"இதுல வச்சுப் பாரு. பருத்தி என்னமா நிக்குது, இது நிக்காதா?"

"வேண்டாம்ப்பா. கரிசல் நனைஞ்சா தண்ணிய விடாது. காஞ்சா வெடிச்சு வேரை அறுத்துரும். இதுக்குத் தண்ணி நிக்கவே கூடாது."

அவள் தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, செங்கல் சில்லு எல்லாம் சேர்த்துக் கலந்ததைப் பார்த்து அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. "செடி வைக்கியா, சூளை போடுதியா?" என்று கேட்டுவிட்டு மண்ணை முருங்கை மரத்தடியில் கொண்டுபோய்த் தட்டினார்.

மண் பிரச்சினை தீர்ந்தது. காற்றுதான் தீரவில்லை. பிரேசில்காரிக்கு ஈரக் காற்று வேண்டும். எங்கள் ஊர்க் காற்றில் காயப்போட்ட துணி, கொடியில் கிளிப் மாட்டுவதற்குள் காய்ந்துவிடும். சுபா வீடு முழுக்கத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். கடைசியில் அவளுக்கு ஹாலில் இருந்த மண்பானை கண்ணில் பட்டது. ஃப்ரிட்ஜ் இருந்தாலும் எங்களுக்குக் குடிக்கப் பானைத் தண்ணீர்தான். பானைக்கு அடியில் ஈர மணல். பக்கத்தில் கையை வைத்தாலே ஜில்லென்று இருக்கும். ஜன்னல் வடக்குப் பார்த்தது, நேர் வெயிலும் வராது. தொட்டியைப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதைவிட நல்ல இடம் எங்கள் வீட்டில் கிடையாது. அதைவிட மோசமான இடமும் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

பேசாத வீடு

சுபா ஏன் வந்தாள் என்று சொல்லிவிடுகிறேன்.

அவள் புருஷன் அடிக்கவில்லை, குடிக்கவில்லை, வேறு தொடுப்பும் இல்லை. பேசமாட்டார். எதற்காவது கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். முதலில் சில நாட்கள், அப்புறம் வாரங்கள், பிறகு மாதங்கள். என்ன கோபம் என்றும் சொல்ல மாட்டார். சம்பளம் கணக்கில் வந்து விழும். தட்டில் சோறு வைத்தால் சாப்பிடுவார். இவள் கேட்கிற கேள்வி எல்லாம் சுவரில் பட்டுக் கீழே விழும்.

இவளுக்கு வீட்டிலிருந்தே செய்கிற வேலை. காலையிலிருந்து ராத்திரி வரை கம்ப்யூட்டரில் யாரோ பேசுவார்கள், வீட்டில் ஒரு குரல் கிடையாது. அப்போதுதான் அந்தக் கிழங்கை வாங்கியிருக்கிறாள். தண்ணீர் ஊற்றினால் இலை நிமிரும், மறந்தால் தொங்கும். "நான் செய்யுததுக்கு அது பதில் சொல்லுச்சும்மா" என்றாள் என்னிடம்.

"பூத்த அன்னைக்கு அவியள்ட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். பாத்துட்டு டி.வி.யப் போட்டாவ."

இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. நான்தான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விசாரிக்க வந்தவர்கள்

கல்யாணமான பெண் பெட்டியோடு வந்தால் ஊர் சும்மா இருக்குமா? ஒவ்வொருவராக விசாரிக்க வந்தார்கள். கெட்ட எண்ணத்தோடு வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் வருத்தம்தான், கூடவே கொஞ்சம் ஆர்வமும்.

என் பெரியம்மா மகள், எட்டயபுரத்து அக்கா, ஒரு தடவை வந்தாள். பஸ் விட்டு இறங்கி நடந்து வந்த களைப்பில் ஒரு செம்புத் தண்ணீரை வாங்கிப் பாதி குடித்துவிட்டு, மூச்சு விட்டு ஆரம்பித்தாள்.

"அடிச்சானாட்டி?"

"இல்ல பெரியம்மா" என்றாள் சுபா.

"குடிக்கானா?"

"இல்ல."

"பெறகு என்னத்துக்கு வந்த?"

"அவிய பேச மாட்டாவ, பெரியம்மா."

அக்காவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "பேசலன்னா நிம்மதிதானட்டி. எங்க வீட்டு மனுசன் பேசுத பேச்சுக்கு, ஒரு நாளாவது வாய மூட மாட்டாரான்னு இருக்கு" என்றாள். நான் சிரித்துவிட்டேன். சுபா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்கா கிளம்பும்போது செம்பில் மிச்சமிருந்த தண்ணீரைப் பார்த்தாள். குனிந்து பிரேசில்காரியின் தொட்டியில் ஊற்றினாள்.

இங்கே நான் எங்கள் ஊர்த் தண்ணீர்க் கதையைச் சொல்லியாக வேண்டும். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. வந்தால் வீட்டில் உள்ள டிரம், குடம், அண்டா, குழந்தைகள் குளிக்கிற பேசின் வரை நிரப்பி வைப்போம். அரிசி களைந்த தண்ணீர் பாத்திரத்துக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு. யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுப்போம். கொடுக்காத வீட்டைப் பற்றிக் காலத்துக்கும் பேசுவார்கள். குடித்தது போக மிச்சத்தை எவரும் தரையில் கொட்ட மாட்டார்கள். பக்கத்தில் ஏதாவது செடி இருந்தால் அதன் தூரில்தான் ஊற்றுவார்கள். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, கை தானாகப் போய்விடும்.

எங்கள் ஹாலில் பானைக்குப் பக்கத்தில் பச்சையாக நின்ற ஒரே செடி பிரேசில்காரி. விசாரிக்க வந்த ஒவ்வொருவரும் தண்ணீர் குடித்தார்கள், சுபாவுக்காக உச்சுக்கொட்டினார்கள், மிச்சத்தை அதற்கு ஊற்றினார்கள். ஒருவர் பாதி டம்ளர் மோரையே ஊற்றிவிட்டுப் போனார். அந்த நேரமெல்லாம் சுபா உள்ளே வேலையில் இருப்பாள். நாங்கள் யாரும் அதைத் தப்பாகவே நினைக்கவில்லை. நல்ல காரியம் என்றுதான் நினைத்தோம்.

கடம்பூரில் வாங்கிய போளி

நானும் ஒரு தடவை பெட்டியோடு அப்பா வீட்டுக்குப் போனவள்தான். கல்யாணமான புதிது. பிரஷர் குக்கரில் ஆரம்பித்த சண்டை எங்கெங்கோ போய்விட்டது. கடம்பூர்ப் பக்கம் எங்கள் அப்பா வீடு. காலையில் போய் இறங்கினேன். அப்பா ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். மத்தியானம் சட்டையைப் போட்டுக்கொண்டு, "வாட்டி, போவோம்" என்றார்.

கடம்பூரில் ஒரு பொட்டலம் போளி வாங்கி என் கையில் கொடுத்தார். சூடு ஆறாமல், நெய் காகிதத்தில் ஊறி விரலெல்லாம் பிசுபிசுத்தது. சாயங்காலம் கோவில்பட்டி வீட்டு வாசலில் விட்டுவிட்டு, உள்ளே கூட வராமல் பஸ் ஏறிவிட்டார்.

என் விஷயத்தில் அது நல்லபடியாகவே முடிந்தது. குக்கர் சண்டை போட்ட மனிதர் அடுத்த நாளே விசில் எண்ணி இறக்கி வைத்தார். இன்று வரை பேச்சுக்குக் குறைவில்லை, சண்டைக்கும் குறைவில்லை.

நல்லபடியாக முடிந்ததுதான் வம்பாகிவிட்டது. சுபா வந்ததிலிருந்து அவர் அதையே பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு உங்கப்பா உன்னைக் கொண்டுவந்து விடலைன்னா நாம இப்படி இருப்போமா? கொஞ்ச நாள் கழிச்சு எல்லாம் சரியாப் போவும்" என்பார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. மகள் தனியாக நின்றுவிடுவாளோ என்ற பயம். அந்தப் பயத்தில்தான் அவர் மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று சொல்லியிருந்தார்.

எனக்கு எதிர்த்துச் சொல்ல வாய் வரவில்லை. என் கதையே எனக்கு எதிராக நின்றது.

சனிக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் பிரேசில்காரியின் இலை ஒன்று மஞ்சளாகித் துவண்டு கிடந்தது. சுபா தொட்டதும் அது கையோடு வந்துவிட்டது. தொட்டியைக் கவிழ்த்தாள். அடியில் சொதசொதவென்று ஈரம், அழுகிய வெங்காய நாற்றம்.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "யாரும்மா இம்புட்டுத் தண்ணி ஊத்தினது?"

என்ன பெயரைச் சொல்ல? வந்தவர்கள் எல்லாரும்தான் என்றேன்.

பஸ்ஸில் வந்தபோது பெரிய வெங்காயம் அளவில் இருந்த கிழங்கு. அழுகலை வெட்ட வெட்ட உள்ளே போய்க்கொண்டே இருந்தது. வெட்டின இடத்தில் மறுபடி அழுகல் பிடிக்காமல் இருக்கக் கந்தகப் பொடி தடவ வேண்டும் என்றாள். போனில் தேடினால், வந்து சேர நாலைந்து நாள் ஆகும் என்று காட்டியது.

வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்று கேட்டார். "கந்தகமா? ஊரே அதுலதான இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஆபீஸுக்கே போனார். ஒரு பிடி கந்தகத்தைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் யார் வரப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் வாங்கி வந்தார். மனிதர்களை நான் இன்னும் புரிந்துகொண்டபாடில்லை.

ஹாலில் நாங்கள்

ஞாயிறு காலையில் சுபா கிழங்கை மறுபடி பார்த்தபோது இன்னும் கொஞ்சம் இளகியிருந்தது. மீண்டும் செதுக்கினாள். மிஞ்சியது ஒரு சின்ன வெங்காயம் அளவு. அப்போதுதான் கார் வந்தது.

நான் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தேன். பெரியப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு தொண்டையைச் செருமினார்.

"நடந்தது நடந்துபோச்சு. புள்ளைய அனுப்பி வைங்க. சின்னஞ்சிறுசுக, போகப் போகச் சரியாயிரும். செடிதான் வேணும்னா அதையும் எடுத்துக்கிடட்டும், கார்ல இடம் கிடக்கு."

"அது இப்ப எங்கனயும் வராது" என்றாள் சுபா, நிமிராமல். "காயணும்."

என் வீட்டுக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். குரலில் அத்தனை பிரியம். "மாப்ளே, மத்தவங்க பேசி என்ன இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க கூப்பிட்டா அவ வருவா."

எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம்.

அவர் தன் கையிலிருந்த போனின் உறையைத் தடவிக்கொண்டிருந்தார். ஃபேன் சுற்றியது. தெருவில் பழைய இரும்பு, பழைய பேப்பர் வாங்குகிற வண்டி ஸ்பீக்கரில் கத்திக்கொண்டே போய், சந்து திரும்பி, சத்தம் தேய்ந்து போனது. அவர் பேசவில்லை.

பெரியப்பா நெளிந்தார். "அவன் குணமே அப்படித்தான். மனசுல ஒண்ணும் வச்சுக்கிட..."

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்றார் என் வீட்டுக்காரர். "மாப்ளே சொல்லட்டும்."

காத்திருந்தோம். மாப்பிள்ளை ஒரு தடவை வாயைத் திறந்தார். சுபாவின் மஞ்சள் விரல்களைப் பார்த்தார். மூடிக்கொண்டார். அவரைப் பார்க்க எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. சின்ன வயதில் யாராவது அவரிடம் உட்கார்ந்து பேசியிருக்கலாம். எனக்கு எதையாவது சொல்ல வேண்டும், சமையலறைக்குள் ஓடிப் பாத்திரத்தையாவது உருட்ட வேண்டும் போல இருந்தது. என் வீட்டுக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

கடைசியில் பேசியது மாப்பிள்ளையின் அம்மா. அதுவரை தலை குனிந்தே இருந்தவர்.

"இவன் அப்பாவும் இப்படித்தான். கோவம் வந்தா மாசக் கணக்கா வாயத் திறக்க மாட்டாவ. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவிய போற வரைக்கும் அப்படித்தான். நான் இருந்துட்டேன்லா."

சுபாவுக்கு ஆறுதலாகத்தான் அதைச் சொன்னார். ஆனால் 'இருந்துட்டேன்லா' என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மாளை இதற்கு முன் நான் ஒரு மாமியாராக மட்டுமே பார்த்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"மதினி, இப்ப ஒரு கால் மணி நேரம் இருந்திருப்போமா நாம? எனக்கே தாங்க மாட்டேங்கு. உடம்பெல்லாம் வேர்க்கு. எம்புள்ள எப்படி இருந்திருப்பா?"

அவர் சுபா பக்கம் திரும்பினார். "நீ என்னட்டி சொல்லுத?"

"நான் போகலப்பா."

"சரி" என்றார். அவ்வளவுதான்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னோம். பெரியப்பா மறுத்துவிட்டார். மாப்பிள்ளை முதலில் போய்க் காரில் உட்கார்ந்தார். அவருடைய அம்மா மட்டும் சுபாவின் பக்கத்தில் குனிந்து, அவள் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கை முழுக்கக் கந்தகம் ஒட்டியது. துடைத்துக்கொள்ளாமலே போனார்.

கார் சத்தம் மறைந்த பிறகும் நாங்கள் மூன்று பேரும் இருந்த இடத்திலேயே இருந்தோம். எனக்கு அழுகை வந்தது. நிம்மதியா, பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான்.

என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு இறங்கினார். முழங்கால் வலிக்காரர், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் சுபாவுக்கு எதிரே உட்கார்ந்தார். பேப்பரில் கிடந்த அந்தச் சின்ன மஞ்சள் உருண்டையைப் பார்த்தார்.

"இனி இதுக்கு என்ன செய்யணும்?"

சுபா சொல்ல ஆரம்பித்தாள். வெட்டின இடம் காய வேண்டும், அப்புறம் புதிதாகக் கரியும் மட்டையும் போட்டு நட வேண்டும், கிழங்கின் கழுத்து மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும், மேலே தொட்டுப் பார்த்து ஈரம் இல்லாவிட்டால்தான் தண்ணீர். சொல்லச் சொல்ல அவள் பேச்சு வேகமானது. பிரேசில் காட்டைப் பற்றிச் சொன்னாள். பூத்த அன்று விடியற்காலையில் தண்டு எப்படி நிமிர்ந்திருந்தது என்று கையை வைத்துக் காட்டினாள். வந்ததிலிருந்து அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தார். பாதி அவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் ஒரு 'ம்' கூட விடவில்லை.

"இலை வர எம்புட்டு நாளாகும்?"

"தெரியலப்பா. பொழைச்சா, ஆறு மாசமும் ஆவலாம், ஒரு வருசமும் ஆவலாம்."

"ஆவட்டும்" என்றார். "நமக்கு என்ன அவசரம்."